டாக்டர் கேட்கச் சொன்ன கேள்வி

மீசை நரைக்கத் தொடங்கிய பிறகு டியூஷனுக்குப் போனவன் நான். டீச்சர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். முதல் ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு தாராவி வீட்டிலிருந்து இறங்கும்போது, என் மனைவி வாசலில் நின்று, "பென்சில் எடுத்துக்கிட்டீயளா? ஒண்ணுக்கு வந்தா டீச்சர்ட்ட கேட்டுட்டுப் போங்க" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பயந்துபோயிருக்கிற ஆள் எப்போதும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகச் சிரிப்பான். என் தொழிலில் அதைக் கவனிக்கச் சொல்லித்தான் முதலில் பழக்குவார்கள்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. நான் ஒரு ஆஸ்பத்திரியின் மனநல வார்டில் நர்ஸ். பெண் நர்ஸை சிஸ்டர் என்பதுபோல ஆண் நர்ஸை பிரதர் என்பார்கள். வார்டில் நாற்பது பேருக்கு நான் பிரதர். கூடப் பிறந்த தம்பி மட்டும் என்னை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. பொது நர்ஸிங் மட்டும் படித்தவன் மனநல வார்டிலேயே நிலைத்து இருக்க வேண்டுமானால் மனநல நர்ஸிங் டிப்ளமா தேறவேண்டும் என்று எங்கள் ஆஸ்பத்திரியில் விதி. மூன்று தடவை எழுதலாம். மூன்றிலும் போனால் எலும்பு முறிவு வார்டுக்கோ, கண் வார்டுக்கோ மூட்டையைக் கட்டவேண்டியதுதான்.

முதல் தடவை எழுத்துப் பரீட்சையில் போனேன். படிக்கவில்லை, போனேன். அதில் மர்மம் ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவை எழுத்தில் தேறி, நேர்ப் பரீட்சையில் ஒரே ஒரு கேள்வியில் போனேன். பரீட்சையாளர் என்னைக் கேட்ட கேள்வியில் அல்ல. நான் நோயாளியைக் கேட்க வேண்டிய கேள்வியில்.

நேர்ப் பரீட்சை என்பது இதுதான்: முன்பின் தெரியாத ஒரு நோயாளியை எதிரே உட்கார வைப்பார்கள். அரை மணி நேரம் பேச்சுக் கொடுத்து அவருடைய மனநிலையைப் பார்த்துச் சொல்லவேண்டும். தூக்கம், பசி, பேச்சின் வேகம், ஞாபகம், இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க முடிகிறதா. இவற்றில் எதை விட்டாலும் மார்க் குறையும். ஒன்றை விட்டால் மட்டும் மார்க்கே கிடையாது. சாகவேண்டும் என்ற நினைப்பு வருகிறதா என்று கேட்டே ஆகவேண்டும்.

ஹிந்தியிலும் மராட்டியிலும் நான் ஆயிரம் தடவை கேட்ட கேள்வி. அன்றைக்கு அந்த இடம் வந்ததும் வாயைத் திறந்தேன். "சாப்பாடு எப்படி?" என்று வந்தது. நோயாளி நன்றாக இருக்கிறது என்றார். மறுபடி திறந்தேன். "ராத்திரிச் சாப்பாடு?" அதுவும் நன்றாக இருந்தது. மூன்றாவது தடவை பருப்பைப் பற்றி விசாரித்தேன். பரீட்சையாளர் கண்ணாடியைக் கழற்றி, நான் நர்ஸ்தானா, கான்டீன் காண்ட்ராக்டரா என்று கேட்டார். பெயில்.

காரணம் எனக்கு மட்டும் தெரியும். அந்தக் காரணம் ஒரு ஆள். வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, சயானில் நான் ஏறும் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருவார். தினமும் அல்ல. கூட்டம் குறைந்த நாட்களில் வருவார். அவர் செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

பாடப்புத்தகத்தில் மாயக்காட்சி பற்றிய அத்தியாயத்தை மூன்று முறை படித்தேன். பரீட்சைக்காக இல்லை. அதன்படி எனக்குக் குறைந்தது நான்கு நோய்கள் இருந்தன. ஐந்தாவதற்கு நான் பெண்ணாக இருந்திருக்க வேண்டும்.

டீச்சருக்கு வருகிறேன். மட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பெண். மனநோய் உளவியல் படித்து முடித்து, பயிற்சிக்காக எங்கள் வார்டில் ஆறு மாதம் இருந்தாள். வந்த முதல் வாரம் ஒரு நோயாளி அவள்மேல் சாப்பாட்டுத் தட்டை வீசியபோது நடுவில் போய் நின்று என் நெற்றியில் வாங்கிக்கொண்டேன். வீரம் எல்லாம் இல்லை. ஓடலாம் என்று திரும்பினேன், தப்பான பக்கம் திரும்பிவிட்டேன். நான் பெயிலானது தெரிந்ததும் அவளாகவே, "பிரதர், சண்டே ஆத்துக்கு வாங்கோ. நான் பேஷண்டா நடிக்கறேன், நீங்க கேளுங்கோ. பத்து சண்டே போதும்" என்றாள்.

நன்றாகவே நடித்தாள். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து தோளைத் தொங்கவிட்டால், ஐந்து நிமிஷத்தில் எனக்கே அவளை வார்டில் சேர்த்துவிடலாமா என்று தோன்றும். தமிழில்தான் நடத்துவோம். வேறு பாஷையில் எனக்கு நாக்கு தானாக ஓடும், தமிழில்தான் நான் யோசித்துப் பேசுகிறேன் என்று கண்டுபிடித்து வைத்திருந்தாள். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிக்கிற பெண் எனக்குத் தமிழில் பரீட்சை வைத்தாள்.

மூன்றாவது ஞாயிறு. நான் அந்தக் கேள்வியின் விளிம்பு வரை போய், வழக்கம்போல, "காலைல டிபன் என்ன சாப்பிட்டீங்க?" என்று திரும்பினேன். அவள் விடவில்லை. நான் கேட்காமலே பதில் சொன்னாள், நைந்த குரலில்: "எனக்கு வாழவே பிடிக்கலை. போய்ச் சேர்ந்துட்டா தேவலை."

அடுக்களையில் ஏதோ விழுந்தது. அடுத்த நொடி அவள் அம்மா கையில் கரண்டியோடு கூடத்தில் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னடீ சொன்னே?"

"அம்மா, நடிப்பும்மா. பரீட்சைக்கு."

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா ஆத்துக்குள்ள என்ன பேச்சு இது? ததாஸ்து தேவதை சுத்திண்டே இருக்கும். நாம என்ன சொல்றோமோ அதுக்கு அப்படியே ஆகட்டும்னு சொல்லிடும். தெரியாதா நோக்கு?"

"மாமி, இங்கிலீஷ்ல பேசினா பரவாயில்லையா?" என்றேன் நான்.

மாமி யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "இங்கிலீஷ்ல என்ன வேணாப் பேசிக்கோங்கோ. தமிழ்ல வேண்டாம், பிரதர்."

அந்த தேவதைக்கு இங்கிலீஷ் பாஸாகவில்லை போலிருக்கிறது, என்னைப்போல என்று சொல்லிச் சிரித்தேன். மாமி சிரிக்கவில்லை. அடுக்களைக்குத் திரும்பி, அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாட்டை அழுத்தி அழுத்தி நிரப்பினாள். ஒவ்வொரு ஞாயிறும் முலுண்டில் இருக்கிற அவள் தம்பிக்கு அது போகும். தம்பி ஆபீசுக்கு லீவு போட்டிருக்கிறான், உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்வார்கள். அதற்கு மேல் நான் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதில் அப்போது நான் கெட்டிக்காரன்.

அதிலிருந்து டியூஷன் மட்டுங்கா ஸ்டேஷனுக்கு மாறியது. தாதர் பக்கம் போகும் பிளாட்பாரத்தின் கோடியில் ஒரு பெஞ்சு. தேவதைகள் வந்தாலும் லோக்கல் வண்டிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்பது டீச்சரின் வாதம்.

அங்கேயும் எனக்கு வரவில்லை. நான்கு தடவை ஆரம்பித்து நான்கு தடவையும் இட்லிக்கும் சட்னிக்கும் திரும்பினேன். ஐந்தாவது தடவை அவள் நோட்டை மூடினாள்.

"பிரதர், எதுக்கு பயப்படறேள்? நான் கவனிச்சுண்டுதான் இருக்கேன். ஜோக் வரும்போதெல்லாம் நீங்க கை வாட்ச்சைப் பார்க்கறேள். அந்த வாட்ச்ல என்ன இருக்கு?"

வாட்ச்சில் ஒன்றும் இல்லை. பட்டையில் இருந்தது. சொன்னேன். அதுவரை யாரிடமும் சொல்லாததை, ஒரு ஸ்டேஷன் பெஞ்சில், சின்னப் பெண்ணிடம் சொன்னேன்.

அந்த ஜன்னலோரத்து ஆள் தாராவியில் தோல் பட்டறையில் வேலை செய்தவர். எங்கள் ஊர்ப் பக்கம். பேச்சே இல்லாமல் வார்டில் வந்து சேர்ந்தவர், மூன்று வாரத்தில் மெல்லத் தேறினார். முதலில் பேசியது என் வாட்ச்சைப் பற்றித்தான். "அண்ணாச்சி, பட்டை தையல் விட்டுட்டு. மிஷின் தையல், நிக்காது. நான் வெளிய போனதும் கைத்தையல்ல ஒண்ணு போட்டுத் தாரேன்." என் மணிக்கட்டை விரலால் சுற்றி அளவெடுத்துக்கொண்டார். வார்டே கைதட்டாத குறை. ஒரு மனிதன் நாளைக்குச் செய்யப் போகிற வேலையைப் பற்றிப் பேசிவிட்டால் எங்களுக்கெல்லாம் அவ்வளவு சந்தோஷம்.

வீட்டுக்கு அனுப்புகிற நாள். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. தமிழ்க்காரர்கள் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எல்லாம் கேட்டு முடித்து, கடைசியில் டாக்டர் சொன்னார்: சாகவேண்டும் என்ற எண்ணம் இன்னும் வருகிறதா, உங்கள் பாஷையில் கேளுங்கள்.

அந்த ஆள் வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, பையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறார். கிளம்புகிற நேரம். வீட்டுக்குக் கிளம்புகிறவரைப் பார்த்து, அதுவும் நம் பாஷையில், அந்தச் சொல்லை எப்படி எடுப்பது? எங்கள் வீட்டிலும் கிளம்புகிற வேளையில் கெட்ட சொல் சொல்ல மாட்டோம். எங்கே போறே என்றுகூடக் கேட்க மாட்டோம். தேவதை மாமியின் வீட்டில் மட்டும் இல்லை.

நான் கேட்டது இது: "மனசுல சங்கடம் ஒண்ணும் இல்லையே, அண்ணாச்சி?"

அவர் என்னைப் பார்த்தார். நான் பதிலையும் சேர்த்துத்தான் கேட்டிருந்தேன். அவர் அதைத் திருப்பிக் கொடுத்தால் போதும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எனக்காகத்தான், "இல்ல அண்ணாச்சி" என்றார்.

நான் டாக்டரிடம் இல்லை என்றேன். டாக்டர் கேஸ் ஷீட்டில் இல்லை என்று எழுதினார்.

ஆறாவது நாள் ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தான். தோல் பட்டை. என் மணிக்கட்டுக்குத் துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதைக் கட்டிக்கொண்டு வார்டு முழுக்கக் காட்டினேன். சொன்ன வேலைகளை எல்லாம் ஒரு ஆள் முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறான் என்றால் கவனிக்கவேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. நான் அந்தப் பக்கத்தை அப்போது படித்திருக்கவில்லை. மறுநாள் தாராவியில் செய்தி சொன்னார்கள்.

நான் சொல்லி முடித்தபோது ஒரு ஸ்லோ வண்டி வந்து போயிற்று. பிறகு நிற்காமல் ஒரு ஃபாஸ்ட் வண்டி. டீச்சர் குனிந்து பட்டையின் தையலைப் பார்த்தாள். பின், "கேஸ் ஷீட்ல அந்த 'இல்லை' யாருது?" என்றாள்.

"என்னுது."

நீங்கள் என்ன செய்வீர்கள், உங்கள் தப்பு இல்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கு ஒரு ஜோக்கைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தாள்.

"கேளுங்கோ. தமிழ்ல. 'இல்லையே'ன்னு முடிக்கப்படாது."

வாட்ச்சைப் பார்த்தேன். தண்டவாளத்தைப் பார்த்தேன். கேட்டேன். "செத்துப்போயிடணும்னு உங்களுக்குத் தோணுதா?"

எங்கள் பக்கத்தில் ஒரு அலுமினியப் பாத்திரம் 'டங்' என்று கீழே இறங்கியது. இட்லி விற்று முடித்துத் தாராவிக்குத் திரும்புகிற ஆள்.

"யோவ் பெரியவரே, என்ன ஓய், பொம்பளப் பிள்ளைய மிரட்டுதீரு?"

"ஐயோ, மிரட்டலைங்க. இவர் என்கிட்ட படிக்கறார்" என்றாள் டீச்சர்.

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மீசையில் கொஞ்ச நேரம் நின்றார். "எந்த கிளாஸ்?"

"மூணாவது தடவை பெயிலாயிட்டா வெளிய அனுப்பிருவாங்க" என்றேன்.

"அப்பம் படிக்கட்டும். ஆனா பாப்பா, நீ அந்தக் கேள்விக்கு வெளையாட்டுக்குக்கூட ஆமான்னு சொல்லாதே, என்ன?" பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனவர் பாலத்துப் படியில் நின்று, வண்டி வரும்வரை எங்களைக் காவல் காத்தார்.

அதற்குப் பிறகு ஆறு ஞாயிறு. கேள்வி வாயிலிருந்து வந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் வாட்ச்சைப் பார்த்த பிறகுதான் வந்தது.

பரீட்சை நாளன்று வண்டியில் கூட்டமே இல்லை. ஜன்னலோரம் அவர் இருந்தார். நான் எதிர் சீட்டில் உட்காராமல் கடைசி வரை கதவருகே நின்றுகொண்டே போனேன். முன்கூட்டியே டீச்சரைக் கேட்டிருந்தேன், பேய்க்கு மாத்திரை உண்டா என்று. பேய்க்கு இல்லை, பார்க்கிறவருக்கு உண்டு, பரீட்சை முடியட்டும் என்றிருந்தாள்.

நோயாளிகளின் படுக்கை எண்களைச் சீட்டெழுதிக் கிண்ணத்தில் போட்டிருந்தார்கள். எடுத்தேன். பரீட்சையாளர் வடக்கத்திக்காரர், வயதானவர். எண்ணைப் பார்த்துவிட்டு, இவருக்கு உங்கள் பாஷை மட்டும்தான் வரும், நீங்கள் கேட்டுக் கேட்டு எனக்குச் சொல்லவேண்டும், மற்றவர்களைவிட உங்களுக்கு வேலை இரண்டு மடங்கு என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இப்படியெல்லாம் ஏற்பாடு செய்ய எந்த தேவதைக்கு நேரம் இருக்கிறது?

அவர் அறுபது வயதுப் பெரியவர். ராமநாதபுரத்துப் பக்கம். தாராவியில் கைப்பை தைக்கும் சின்னப் பட்டறை வைத்திருந்தார். தூக்கம் கேட்டேன், பசி கேட்டேன், கிழமை கேட்டேன். ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னேன். என்னைவிட வேகமாகக் கழித்தார். பேச்சு தணிந்திருந்தது. என் மணிக்கட்டைப் பார்த்து, "கைத்தையலு. நல்ல ஆளு போட்டிருக்கான்" என்றார்.

அதோடு எனக்கு எல்லாம் நின்றது. "மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க, பாய்?" என்றேன். சொன்னார். "குழம்பு காரமா?" என்றேன். பரீட்சையாளர் பேனாவைக் கீழே வைத்தார். இன்னும் ஒரே ஒரு பதார்த்தம் விசாரித்தால் நான் கண் வார்டில் சொட்டு மருந்து போடப் போகிறவன் என்று தெரிந்தது. அதைவிட வேறொன்றும் தெரிந்தது. இந்தப் பெரியவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நான் எந்தப் பதிலைக் கையில் கொடுக்கப் போகிறேன் என்று.

"பாய், செத்துப்போயிடணும்னு உங்களுக்குத் தோணுதா?"

அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "அப்படி நெனைக்கிறதே பாவம், தம்பி."

நான் அத்தோடு எழுந்துவிட்டிருக்கலாம். நல்ல பதில், இல்லை என்று மொழிபெயர்க்க வசதியான பதில். காத்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் ஜோக் அடிக்காமல் இருந்த மிக நீண்ட நேரம் அதுதான்.

"ஆனா தோணுது," என்றார். "விடியக்காலைல தொழுகைக்கு எந்திரிக்கிறப்ப தோணும். டீ குடிச்சா கொஞ்சம் அடங்கும்."

அவர் என்ன சொன்னார் என்று பரீட்சையாளர் கேட்டார்.

சொன்னேன். பாவம் என்று சொன்னதையும், பிறகு சொன்னதையும், விடியற்காலையையும், தொழுகையையும், டீயையும். ஒரு சொல்லையும் பூசி மெழுகவில்லை. காலையில் ஏன் அதிகம் என்று பரீட்சையாளர் கேட்டார். அது புத்தகத்தில் உண்டு, சொன்னேன். இப்போது நர்ஸாக என்ன செய்வீர்கள் என்றார். தனியே விடமாட்டேன், உடனே டாக்டரிடம் சொல்வேன், ராத்திரி டியூட்டி ஆளிடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன், விடியற்காலையில் டீ சீக்கிரம் வரும்படி பார்ப்பேன் என்றேன். கடைசி வரியையும் அவர் எழுதிக்கொண்டார். வெளியே வந்து முதல் வேலையாக அதையெல்லாம் அந்த வார்டு சிஸ்டரிடம் சொன்னேன். இது பரீட்சைக்குத்தானே என்றாள். இல்லை என்றேன். அந்த 'இல்லை'யும் என்னுடையதுதான்.

தேறிவிட்டேன். எத்தனை மார்க் என்று என் மனைவி கேட்டாள். தேறுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு என்றேன். "பொறவு எதுக்கு பத்து வாரம் டியூசன்?" என்றாள்.

அடுத்த ஞாயிறு மட்டுங்காவுக்குச் சொல்லப் போனேன். டீச்சர் வீட்டில் இல்லை. மாமி காபி கொடுத்தாள். நான் குடித்து முடிக்கிறவரை நின்றுகொண்டே இருந்தாள். அடுக்குப் பாத்திரம் மேஜைமேல் தயாராக இருந்தது.

"பிரதர், ஸ்டேஷன்ல அந்தக் கேள்வியைத்தான் படிச்சேளாமே. இவ சொன்னா."

"ஆமா மாமி."

"என் தம்பி கதவை முழுசாத் திறக்கறதே இல்லை. சாப்பாட்டை வாசல்லயே வாங்கிண்டு அனுப்பிடறான். இவ கேட்டா சிரிக்கறான், நான் தூக்கி வளர்த்த குழந்தை என்னை டெஸ்ட் பண்றதான்னு. நான் கேக்கலாம்னு ஒவ்வொரு வாரமும் போறேன். சாப்ட்டியான்னு கேட்டுட்டு வந்துடறேன்." கரண்டியோடு ஓடிவந்த அன்றைக்கு இருந்த அதே முகம். "நீங்க வந்து கேப்பேளா? தமிழ்லயே கேளுங்கோ."

ஸ்லோ வண்டியில் போனோம். வித்யாவிஹாரில் கூட்டம் இறங்கியது. ஜன்னலோரம் அவர் இருந்தார், வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. மாமி அவருக்கு எதிரே மடியில் சாப்பாட்டோடு உட்கார்ந்தாள். நான் இந்தத் தடவை கதவருகே போகவில்லை. மாமியின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எப்படி ஆரம்பிப்பேள்?"

"சாப்டீங்களான்னுதான்."

"அப்புறம்?"

முழுக் கேள்வியையும் சொன்னேன். மாமி கண்ணை மூடிக்கொண்டாள். உதடுகள் அசைந்தன. சுலோகம் சொல்கிறாள் என்று நினைத்தேன். பாண்டுப் தாண்டும்போதுதான் அவள் என்ன சொல்லிக்கொண்டு வருகிறாள் என்று காதில் விழுந்தது. கேள்வி கடைசிச் சொல்லில் நின்றுவிட்டது.

"மறுபடி சொல்லுங்க மாமி," என்றேன்.

மூன்றாவது தடவை முழுசாக வந்தது. முலுண்டில் நாங்கள் இறங்கினோம். அவரும் இறங்கினார்.